நடுவாலை வெடிச்சுப்போச்சு

…நடுவாலை என்றால் நடுவாலைதானே, ஓரத்தில் வெடித்திருந்தால் ஓரம் என்று சொல்லியிருப்பார், மூலை கழன்றிருந்தால் மூலை என்று சொல்லியிருப்பார், மங்கையற்கரசி அன்ரி ஒன்றைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிற ஆள் இல்லை, ஆனால் எது வெடித்தது என்பதை மட்டும் சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் எழுவாயை வாய்க்குள் வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுவார்கள், வந்திட்டுது, முடிஞ்சுது, வெடிச்சுப்போச்சு, எது என்று கேட்பவர் கேட்டுக்கொள்ளவேண்டும், குரலைப் பிடித்து வைக்கிற ஃபோன் மெசினிடம் எப்படிக் கேட்பது… காலையில் அதன் சிவப்பு வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது, இக்னேசியஸ் அத்தான் பல்லுத் தீட்டியபடியே வந்து பொத்தானை அமத்தினார், அன்ரியின் குரல் குசினியெல்லாம் நிறைந்தது. “தம்பி இக்னேசியஸ், மங்கையற்கரசி அக்கா கதைக்கிறன், மார்க்கத்திலையிருந்து. வெடிச்சுப்போச்சு தம்பி, நடுவாலை. சத்தம் கேட்டு இவர் மேலையிருந்து விழுந்தடிச்சு ஓடி வந்தவர். ஒருக்கா உடனை வாங்கோ…” பிறகு ஒரு கூவல், மெசினின் நாடா முடிந்துவிட்டது. திருப்பி எடுத்தால் எங்கேஜ், மறுபடியும் எடுத்தால் மறுபடியும் எங்கேஜ், அன்ரி ஒஷாவாவில் இருக்கிற தங்கச்சி வரைக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார், சாப்பாட்டு மேசை வெடித்துவிட்டது, இக்னேசியஸ் செய்து தந்த மேசை, ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று. இக்னேசியஸ் செய்யவில்லை அன்ரி. நான் செய்தேன். பலகையைச் சீவினதிலிருந்து எண்ணெய் பூசினது வரை நான்தான், அத்தான் தூக்க மட்டும்தான் வந்தார்.

அக்கா துவைத்த உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள், முழுவதையும் கேட்டாள், பிறகு என்னைப் பார்த்து “கேட்டியோ மெற்றி” என்றாள், அவ்வளவுதான், படியேறிப் போய்விட்டாள். யூஜினி அக்கா கோபக்காரி இல்லை, கோபம் வந்தால்கூட நல்லது, அவள் நியாயக்காரி, நியாயக்காரர்களிடம் தப்ப முடியாது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அத்தானோடு கராஜில் மர வேலை செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது, சொன்னபோது என்ன, சொல்லவா செய்தேன், ஒருநாள் காலையில் பஸ்ஸுக்குப் போகாமல் கராஜுக்குள் போய் நின்றேன், அவ்வளவுதான், அன்றைக்கு அவள் ஒரு உடன்படிக்கை வைத்தாள். “நீ தனியச் செய்த சாமான் ஒண்டு ஒரு விண்டரைத் தாண்டட்டும் மெற்றி. தாண்டினால் நான் ஸ்கூல் கதையே எடுக்கமாட்டன். தாண்டாட்டி பெப்ரவரியிலை நீ திரும்பப் போறாய். அழாமல் போறாய்.” நான் தலையாட்டினேன். இப்போது ஜனவரி மாதம். அதுவும் கடைசிப் பக்கம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா அந்த மேசை, பெப்ரவரி கடந்தபிறகு வெடித்திருக்கக் கூடாதா, சீ, என்ன நினைப்பு இது, வெடிக்கவே கூடாது, வெடித்தது என்றால் எப்போது வெடித்தால் என்ன… அன்ரி வீட்டுக்குப் போகிற வான் வண்டிக்குள் ஹீற்றர் இன்னும் குளிர் காற்றைத்தான் ஊதுகிறது, அத்தான் கையுறையால் கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்த இடம் திரும்பவும் மங்குகிறது. மார்க்கம் றோட்டில் எல்லா லைற்றும் சிவப்பு. இன்றைக்கு மட்டும் எல்லாம் பச்சையாக இருந்தால்கூட எனக்கு விருப்பமில்லை. மெதுவாகப் போகட்டும். போய்ச் சேராமலே இருந்தாலும் சரி.

அத்தான் பாட்டுப் போடவில்லை. பாட்டில்லாமல் வான் ஓட்டினால், போன வருடம் மிசிசாகா வீடொன்றுக்குச் செய்து கொடுத்த மேசையைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், அதுவும் இப்படித்தான், குளிர் முற்றிய காலத்தில் ஒரு நாள், துவக்குச் சத்தம் மாதிரிக் கேட்டதாம், அந்த வீட்டுக் கிழவர் நிலத்தில் படுத்துவிட்டாராம், பிறகு எழும்பிப் பார்த்தால் மேசை. ஊரில் சுட்டால் வெடி விழுந்தது என்று சொல்கிறோம், மரம் பிளந்தால் வெடிப்பு விழுந்தது என்று சொல்கிறோம், ஒரு ‘ப்பு’ தான் நடுவில், அந்த மனுசனைக் குற்றம் சொல்ல முடியுமா. அத்தான் ஊரில், குருநகர்க் கரையில், வள்ளம் கட்டிய ஆள். வள்ளத்துக்குப் பலகை காய்ந்திருக்கும்போது வைத்து இறுக்கினால் போதும், கடலுக்குள் இறக்கினதும் மரம் ஊதி இடைவெளியெல்லாம் தானாக அடைபடும், அவருடைய கையில் ஊறிப்போனது அதுதான், மரம் ஊதும், மரம் எப்போதும் ஊதும், ஆனபடியால் இறுக்கிக் கட்டு. மிசிசாகா மேசையையும் அப்படித்தான் பசை, ஆணி, திருகாணி என்று குறுக்காலும் நெடுக்காலும் இறுக்கி வைத்தார். இங்கே கடல் இல்லை. இந்தக் கனடாவில் ஐந்து மாதம் வீட்டைச் சூடாக்கிக்கொண்டு ஃபேர்னஸ் ஓடுகிறது, வீட்டுக்குள் இருக்கிற ஈரமெல்லாம் போய்விடும், என் உதடு வெடிக்கிறது, அக்காவின் குதிக்கால் வெடிக்கிறது, மரம் சுருங்குகிறது, சுருங்க இடம் கொடுக்காவிட்டால் அதுவும் வெடிக்கிறது. அந்த மேசையைத் திருப்பிக் கொண்டுவந்து கராஜில் சாத்திவைத்துவிட்டு அத்தான் ஒரு கிழமையாக அதன் முகத்தைப் பார்க்காமல் நடந்தார், கடன்காரனைத் தெருவில் கண்டவர் மாதிரி.

எனக்கு அது யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. வேலை மேசையில் கிடந்த ஒரு அகலப் பலகையின் ஓரத்தை ஒட்டி, அன்ரியின் மேசைக்கு ஒரு வருடம் முந்தி, ஒரு கோடைநாள் அடி மேசைமேல் சும்மா பென்சிலால் கோடு இழுத்திருந்தேன், ஏன் இழுத்தேன் என்றுகூட நினைவில்லை, மார்கழியில் பார்த்தால் பலகை கோட்டைவிட்டு உள்ளே போயிருந்தது, ஒருவரும் அசைக்காத பலகை, மற்ற ஓரம் சுவரோடு முட்டிக்கொண்டிருந்த பலகை… எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை, யாரிடம் சொல்வது, பலகை நடக்கிறது என்றா. ஆனபடியால் அன்ரியின் மேசைக்குப் பலகைகளை ஒட்டி முடித்து, அதன் அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகளுக்குக் காடி வெட்டினேன், வாய் குறுகி உள்ளே அகலமான நீளப் பள்ளம், பழைய கோயில் கதவுகளில் இருக்கும் என்று அத்தான் சொன்ன மாதிரி, கட்டையைப் பக்கத்திலிருந்துதான் தட்டி உள்ளே ஏற்றலாம், கீழே கழன்று வராது, ஆணி வேண்டாம். வச்சிரம், அந்தத் தோல் பசை, நடுவில் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும். இரண்டு பக்கமும் பசை இல்லாமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கவேண்டும், மரம் சுருங்கும்போது கட்டைமேல் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. இதுதான் திட்டம். திட்டப்படிதான் செய்தேன். செய்தேனா?

அங்கேதான் வந்து நிற்கிறது எல்லாம். முதல் கட்டை நினைவிருக்கிறது, தூரிகையை நடுவில் வைத்து எடுத்தது, தட்டி ஏற்றியது, எல்லாம் கண்முன்னே இருக்கிறது. இரண்டாவது கட்டை… வச்சிரப் பானை சுடுதண்ணீருக்குள் இருக்கிறது, கராஜ் முழுக்க அந்தத் தோல் மணம், வச்சிரம் ஆறுவதற்குள் கெதியாகச் செய்யவேண்டும், தூரிகையைத் தோய்த்து எடுக்கிறேன், அப்போது கராஜ் கதவடியில் அக்கா, கையில் கோட்லெஸ் ஃபோன், “ஸ்கூலிலையிருந்து, செப்டெம்பருக்கு வருவியோவெண்டு கேக்கினம். நீயே கதை. உன்ரை வாயாலை நீயே சொல்லு.” ஃபோனை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதற்குள்ளிருந்து ஒரு பெண் என் பெயரைக் கேள்வியாகக் கூப்பிடுகிறாள், மெற்றில்டா, மெற்றில்டா, நான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், இல்லை இல்லை இல்லை என்று, கை என்ன செய்தது அந்த நேரம்? தூரிகை கையில் இருந்தது. காடிக்குள் இருந்தது. தலை இல்லை இல்லை என்று ஆடும்போது கை நடுவிலேயே நின்றதா, இல்லாவிட்டால் பயத்தில் காடி நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போனதா, கை பழக்கத்துக்கு அடிமை, தூரிகையைப் பிடித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுக்கத்தான் அதற்குத் தெரியும். அடுத்ததாக நினைவிருப்பது கொட்டாப்புளி மரச் சுத்தியலால் தட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் எப்படி இருந்தது, பசை பூசிய கட்டை போகும்போது சத்தம் மந்தமாக இருக்கும், பூசாதது டக் டக்கென்று போகும், எப்படி இருந்தது, யோசி, மெற்றி, யோசி… யோசிக்க யோசிக்க இரண்டு சத்தமும் கேட்கிறது. ஆறு மாதமாக இதைத்தான் யோசிக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை, அத்தானிடம் சொல்லவில்லை, மேசையைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது, கட்டை உள்ளே போய்விட்டால் பசை எங்கே இருக்கிறது என்று மரத்துக்குத்தான் தெரியும். மரம் குளிர்காலத்தில்தான் சொல்லும். சொல்லிவிட்டது போல.

பள்ளிக்கூடம் எனக்கு ஒன்றும் கொடுமை செய்யவில்லை. அதைத்தான் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் பெரிதாகச் சிரிக்கவும் இல்லை. வகுப்பில் ஒருவர் மாறி ஒருவராக வாசிக்க விடுவார்கள், எனக்கு முன்னால் இருக்கிறவன் வாசித்து முடிக்கிறான், எல்லாப் பக்கமும் அமைதியாகிறது, அந்த அமைதி எனக்கானது, நான் வாயைத் திறக்கிறேன், சொல் எல்லாம் தெரியும், முதல் எழுத்துத் தெரியும், அது நாக்குக்கு வராது. ரீச்சர் நல்ல மனுசி, “டேக் யுவர் ரைம்”, அவசரமில்லை என்பார், அவர் அப்படிச் சொன்னால் அமைதி இன்னும் நீளும், இன்னும் அகலும், நான் அதற்குள் நிற்பேன். திரும்பப் போனால் திரும்பவும் அதே அமைதி இருக்கும், இந்த முறை எல்லோரையும்விட வயது கூடியவளாக அதற்குள் நிற்பேன். “குளிருதோ?” என்கிறார் அத்தான். இல்லை என்று தலையாட்டுகிறேன். அவர் ஹீற்றரை இன்னும் கூட்டிவிடுகிறார். “அது என்ரை மேசையெண்டுதான் நான் சொல்லப்போறன், நீ பேசாமல் நில்” என்கிறார். எனக்கு அழுகை வருகிறது, ஏனென்றால் அது நல்ல மனசு, ஏனென்றால் அது சரியும் இல்லை, ஸ்ரீல்ஸ் றோட்டைத் தாண்டிவிட்டோம், வீடுகள் பெரிதாகின்றன, கராஜுக்கு இரண்டு கதவு வைத்த வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, எந்த வீட்டுக்குள் வெடித்த மேசை இருக்கிறது என்று வெளியே தெரியாது.

கதவு நாங்கள் மணி அடிக்க முதலே திறக்கிறது. “வாங்கோ, வாங்கோ, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, ஈரம், பார்த்து… இஞ்சை வந்து பாருங்கோ தம்பி இந்த மனிசன் செய்த வேலையை.” மங்கையற்கரசி அன்ரி ஸ்வெற்றருக்கு மேலே சால்வை மாதிரி ஒரு போர்வை போட்டிருக்கிறார், பின்னால் அவருடைய கணவர் நவரட்ணம் அங்கிள், இடுப்பில் சாரமும் தலையில் தொப்பியுமாக, “நான் செய்த வேலையோ? புட்டுப்பானையை அடுப்பாலை இறக்கின கையோடை ஆர் கொண்டுவந்து வைச்சது?” “நீங்கள்தானே கெதியாக் கொண்டாவெண்டு கத்தினியள்.” “கொண்டாவெண்டுதான் சொன்னனான், வெடிக்க வையெண்டு சொன்னனானோ?” நான் அத்தானின் முதுகுக்குப் பின்னால் நடக்கிறேன், அவருடைய ஜக்கெற் முழுவதும் மறைக்கிறது, மறைக்கட்டும், சாப்பாட்டு அறை ஜன்னலால் பனி வெளிச்சம் வெள்ளையாக வருகிறது, அத்தான் நிற்கிறார், நானும் நிற்கிறேன், அவருடைய தோள் மெல்லக் கீழே இறங்குகிறது. “அக்கா… கண்ணாடியோ?” “பின்னை? சொன்னனான்தானே.” “அப்ப மேசை?” “மேசைக்கு என்ன? மேசை குத்துக்கல்லு மாதிரி நிக்குது. கண்ணாடிதான் போச்சு. நல்ல மொத்தக் கண்ணாடி, மேசை பழுதாப் போகக்கூடாதெண்டு வெட்டுவிச்சுப் போட்டது. இப்ப தூக்கப் பயமாக் கிடக்கு, இவருக்கு நாரிப்பிடிப்பு, குனியேலாது, துண்டு சறுக்கினால் மேசையிலை கீறு விழும், நாளைக்குச் சம்பந்தி ஆக்கள் வருகினம்…” கண்ணாடி. கண்ணாடி! எழுவாய் கண்ணாடி. சிரிப்பு வருகிறது, வாயைக் கையால் பொத்துகிறேன், அன்ரி கவலையோடு நிற்கும்போது சிரித்தால் என்ன நினைப்பார், ஆனால் கண்ணாடி, நடுவால் வெடித்தது கண்ணாடி, யாரோ ஊற்றி வார்த்த கண்ணாடி, என்னுடைய மரம் இல்லை.

நானும் அத்தானும் இரண்டு பாதியையும் துவாய் சுற்றித் தூக்கிக் கராஜில் சாத்துகிறோம். திரும்பி வந்தால் மேசைமேல் தடித்த பிளாஸ்ரிக் ஒன்று, அதற்குக் கீழே லேஸ் துணி ஒன்று, அடியில்தான் மேசை, நான் எத்தனை நாள் ஸ்கிறேப்பர் பிடித்து வழித்த செரி மரம் கண்ணாடிக்கும் பிளாஸ்ரிக்கும் லேஸுக்கும் கீழே ஆறு மாதமாகப் படுத்திருக்கிறது, அன்ரி அதைக் காப்பாற்றியிருக்கிறார், நாங்கள் சோபா வாங்கினாலும் உறையோடுதானே இருப்போம். அன்ரி பிளாஸ்ரிக்கைச் சுருட்டுகிறார், லேஸை இழுக்கிறார், இழுத்த கையோடு “ஐயோ” என்கிறார். “ஐயோ, கறை! முழுக்கக் கறை! வெடிச்சது காணாதெண்டு… இஞ்சையப்பா, என்னத்தை ஊத்தினீங்கள்?” “எல்லாம் என்ரை தலையிலை. நான் தட்டிலைதான் சாப்பிடுறனான்.” அத்தான் குனிந்து பார்க்கிறார், விரலால் தேய்க்கிறார், போகவில்லை, அவருடைய முகம் திரும்பவும் கறுக்கிறது. நான் பார்க்கிறேன். மேசை முழுவதும் பூக்கள். லேஸில் இருந்த அதே பூ, அதே கொடி, கடும் தேன் நிறத்துக்கு நடுவில் வெளிறின பூக்களாக, ஜன்னல் பக்கம் தெளிவாக, மற்றப் பக்கம் போகப்போக மங்கலாக… இது என்னவென்று எனக்குத் தெரியும். கராஜ் ஜன்னலடியில் ஒரு செரித் துண்டின்மேல் சாவியை மறந்து வைத்துவிட்டு எடுத்தபோது சாவியின் உருவம் அப்படியே இருந்தது. தெரிகிறது, சொல் இருக்கிறது, மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள், அந்த அமைதி…

“கறையில்லை அன்ரி. வெயில்.” யாருடைய குரல் இது. மூன்று பேரும் திரும்புகிறார்கள், அத்தான் என்னை வேறு யாரையோ பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார். “செரி மரம் வெளிச்சம் பட்டால் கறுக்கும். லேஸ் மறைச்ச இடம் மட்டும் வெளிறி நிக்குது. துணியை எடுத்து விட்டீங்களெண்டால் சமர் வெயில் வாறதுக்கிடையிலை எல்லாம் ஒரே நிறமா வந்திடும்.” சொல்லி முடிந்துவிட்டது. நவரட்ணம் அங்கிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். “அப்ப எங்கடை சாதிதான், வெயில் பட்டால் கறுக்கிறது. கனடாவுக்கு வந்து நாங்கள் வெளுக்கிறம், மேசை கறுக்குது.” அன்ரி சிரிக்கவில்லை, பூக்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருக்கிறார். “கறையில்லையெண்டால் கிடக்கட்டும்” என்கிறார், “வடிவாத்தான் கிடக்கு. சம்பந்தி கேட்டால் பூக் கீறுவிச்சதெண்டு சொல்லுவம்.” எனக்குக் காது சுடுகிறது. பரவாயில்லை, சுடட்டும்.

“அது சரி தம்பி, வந்ததோடை இதையும் பாரும்” என்று அங்கிள் தன்னுடைய பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். “இதுக்குக் கீழை ஒரு கட்டை முட்டிக்கொண்டு நிக்குது. சமரிலை இப்பிடி இல்லை. எழும்பேக்கை சாரம் கொழுவி, பாரும், இந்தா, கிழிஞ்சு போச்சு.” “மூண்டு நாளா இந்தச் சாரத்தைத்தான் உலகத்துக்கே காட்டுறார்” என்கிறார் அன்ரி. அத்தான் “கழண்டிட்டுதோ” என்று முணுமுணுக்கிறார், எனக்கு மிச்சம் கேட்கவில்லை, நான் ஏற்கனவே முழங்காலில், மேசைக்குக் கீழே. முட்டிக்கொண்டு நிற்கிறது. சமரில் இல்லை, இப்போது நிற்கிறது. அடிப் பலகையில் என் பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன, அம்புக்குறிகள், இது மேல் இது கீழ் என்று, இருட்டாக இருக்கிறது, மெழுகு மணம், பக்கத்தில் அங்கிளின் காலும் கம்பளி மேசும். கோடையில் கட்டையின் முனையையும் மேசையின் ஓரத்தையும் ஒன்றாகச் சீவி மட்டமாக விட்டேன், விரலை ஓட்டினால் எங்கே மேசை முடிகிறது எங்கே கட்டை தொடங்குகிறது என்று தெரியாது. இப்போது ஓட்டுகிறேன், நகம் தட்டுகிறது. ஒரு நாணயத் தடிப்புக்கு, இல்லை, கொஞ்சம் கூட. கட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது, மேசை அதைவிட்டு உள்ளே போயிருக்கிறது. மற்ற முனைக்குத் தவழ்கிறேன். அங்கேயும் தட்டுகிறது, அதே அளவு. இது முதல் கட்டை, இது நினைவிருக்கிற கட்டை. இரண்டாவது மற்றப் பக்கம், அன்ரி இருக்கிற பக்கம், அவர் சேலை கொழுவியதாகச் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, கொழுவ ஒன்றும் இல்லையா, அது அசையவே இல்லையா, பசை முழு நீளத்துக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறதா, அப்படியென்றால் ஒரு பக்கம் போக, மறுபக்கம் போகாமல், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு… மேசையின் அடியால் தவழ்கிறேன், கதிரைக் கால்களுக்கிடையால், தலை இடிக்கிறது, மேலே அன்ரி “என்னடி பிள்ளை, ஏதும் விழுந்ததோ” என்கிறார், கையை நீட்டுகிறேன், பலகையின் ஓரம், கட்டையின் முனை, விரல் ஓடுகிறது, ஓடுகிறது, நகம் தட்டுகிறது.

தட்டியது. மற்ற முனையிலும் ஓட்டுகிறேன், அங்கேயும் தட்டுகிறது. கை நடுவிலேயே நின்றிருக்கிறது. தலை இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தபோது, அக்கா ஃபோனை நீட்டியபோது, என் பெயரை அந்தப் பெண் கூப்பிட்டபோது, கை தன் பாட்டில் நடுவில் பூசிவிட்டுத் தூரிகையை எடுத்திருக்கிறது, எனக்குத் தெரியாமல், எனக்குச் சொல்லாமல். மல்லாந்து படுக்கிறேன், அன்ரியின் விரிப்பில், மேசை எனக்கு மேலே ஒரு வானம் மாதிரி இருக்கிறது, இவ்வளவு பெரிய பாரமான சாமான் ஒரு சத்தமும் இல்லாமல் இரவும் பகலும் நடந்திருக்கிறது, அதன்மேல் புட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள், சண்டை பிடித்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது, சாரத்துக்கு மட்டும்தான் தெரியும். மூச்சு முழுவதாக வருகிறது, காலையிலிருந்து இவ்வளவு நேரமும் அரைவாசிதான் எடுத்திருக்கிறேன் போல… மேலே அத்தானின் குரல், “பழைய பேப்பர் ஒண்டு தாங்கோ அக்கா, கீழை விரிக்க. உளியாலை சீவி மட்டமாக்கிவிட்டால் சரி, அஞ்சு நிமிச வேலை.” உளியை உறையிலிருந்து எடுக்கிற சத்தம். “வெட்டாதேங்கோ அத்தான்!” நான் படுத்தபடியே கத்துகிறேன். அவருடைய முகம் தலைகீழாக மேசைக்குக் கீழே வருகிறது. “ஏன்?” “கட்டை வெளியாலை வரேல்லை. மேசைதான் உள்ளுக்குப் போயிருக்கு. இப்ப வெட்டினால் சமரிலை மேசை திரும்பி வரேக்கை கட்டை நீளம் காணாமல் கட்டையாப் போயிடும்.” அத்தான் என்னைப் பார்க்கிறார், கட்டையைப் பார்க்கிறார், பெருவிரலால் முனையைத் தடவுகிறார். “திரும்ப ஊதுமோ?” “ஊதும்.” “அப்ப சரி” என்கிறார், அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. உளியை வைத்துவிட்டு அரத்தாளை எடுத்துக் கூர்மையை மட்டும் மழுக்கிவிடுகிறார், எல்லா முனைகளையும். அங்கிள் சாரத்தைத் தேய்த்துப் பார்த்து, கொழுவவில்லை என்று சான்றிதழ் கொடுக்கிறார். “உள்ளுக்குப் போய் வெளியாலை வாற மேசை. பிள்ளை, இதை முந்தியே சொல்லியிருந்தால் ஒரு சாரம் மிஞ்சியிருக்கும்.”

தேத்தண்ணி, பிஸ்கற், நாங்கள் போகவேண்டும் என்பதும் அன்ரி இருந்து குடித்துவிட்டுப் போங்கோ என்பதும், புதுக் கண்ணாடி வெட்டுவிக்கக் கூடாது என்று அத்தான் சொல்வதும், மேசை வெறுமேலோடு நிற்பது அழகில்லை என்று அன்ரி சொல்வதும்… அத்தான் அங்கேயே ஃபோனை வாங்கி அக்காவுக்கு எடுத்தார், “கண்ணாடியாம். ஓம், கண்ணாடி. மேசை நல்லாயிருக்கு. ஓம், நான் கண்ணாலை பார்த்தன்” என்று சொல்லிவிட்டு நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், நான் தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் கிடந்த சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வானுக்குள் சூடு பிடித்துவிட்டது, அத்தான் பாட்டைப் போடுகிறார், அதோடு தானும் பாடுகிறார், சொல் பிழை, மெட்டுச் சரி. “உன்ரை கொக்கா சொன்னவள்” என்கிறார், பாட்டுக்கு நடுவில், “பெப்ரவரிக் கதை முடிஞ்சுதாம். மார்ச் வரைக்கும் பார்க்கத் தேவையில்லையாம், இது காணுமாம். இனி ஸ்கூல் இல்லை. கேட்டுதோ?” கேட்டது என்று தலையாட்டுகிறேன். துள்ளவேண்டும் நான். காலையில் இந்த றோட்டில் போகும்போது இதற்காகத்தானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன், சந்தோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை, தோளெல்லாம் இலேசாக இருக்கிறது, பசிக்கிறது, ஆனால் ஸ்கூல் என்று அத்தான் சொன்னதும் எனக்கு ஒரு கணம் என்ன ஸ்கூல், யாருடைய ஸ்கூல் என்று இருந்தது, யாரோ தெரிந்தவர்களுடைய வருத்தம் சுகமாகிவிட்டதைக் கேட்ட மாதிரி. எப்போது மறந்தேன்? மேசைக்குக் கீழே அக்கா நினைவில் இல்லை, பெப்ரவரி நினைவில் இல்லை. இரண்டாவது கட்டையின் முனையைத் தேடித் தவழ்ந்தபோது தட்டவேண்டும், தட்டவேண்டும் என்று மட்டும்தான் இருந்தது, தட்டினால் எனக்கு என்ன கிடைக்கும் என்று இருக்கவில்லை. அந்த நேரம் யாராவது என்னிடம், மேசை பிழைக்கும், ஆனால் நீ திங்கட்கிழமை போய் அந்த வகுப்பில் இருக்கவேண்டும், சரியோ என்று கேட்டிருந்தால்… வேண்டாம், கேட்காதே, யாரும் கேட்கவில்லை, ஏன் இப்போது இதை நினைக்கிறேன். ஆனால் தலை ஆடியிருக்கும். இல்லை என்று இல்லை, மேலும் கீழுமாக. அப்படியானால் காலையில் நான் எதற்குப் பயந்தேன், இரண்டு பயம் இருந்ததா, ஒன்றை மற்றது என்று நினைத்துக்கொண்டேனா…

சிவப்பு லைற்றில் வான் நிற்கிறது, வலப்பக்கம் பள்ளிக்கூடம். பழக்கத்தில் குனியப்போன தலை குனியாமல் நிற்கிறது. சனிக்கிழமை, கார் தரிப்பிடம் முழுக்கப் பனி, ஒரு காலடி இல்லை. முன் கதவைப் பார்க்கிறேன், அது மரமா, இரும்பா, இவ்வளவு காலம் போய் வந்தேன், தள்ளித் திறந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. மரம் என்றால் குளிருக்குச் சுருங்கி இடுக்கு விழுந்திருக்கும், இங்கிருந்தே தெரியும். ஜன்னலைத் துடைத்துவிட்டு இன்னும் கிட்ட முகத்தை வைக்கிறேன், மரம் போலத்தான் இருக்கிறது, இல்லை, பெயின்ற் அடித்த இரும்போ… மற்றப் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நிற்கிறது, அதற்குள் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் இன்னும் கதவைத்தான் பார்க்கிறேன், லைற் பச்சையாகிறது.